ஏழாம் சாவடிச் சீட்டுகள்

மீன்களும் அரசாங்கமும் மட்டும் மறக்காமல் வந்துபோகிற ஒரு வட ஆப்பிரிக்கக் கரையில், மர்ஸா துவீல் என்னும் துறைமுக ஊரில், ராணுவம் வியாழக்கிழமை மாலை கால்பந்து மைதானத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்த ஓட்டுச்சீட்டுகள், வெள்ளிக்கிழமை காலையில் அவற்றைப் போட்டவர்களின் வீடுகளுக்குத் திரும்பி வந்தன. நான்காக மடித்துப் போட்டவை நான்கு மடிப்போடும், அவசரத்தில் கசக்கிப் போட்டவை அதே கசங்கலோடும், ஓரம் மட்டும் கருகி, லேசான மண்ணெண்ணெய் வாடையோடு வந்து சேர்ந்தன. ரொட்டியைப் பிட்டவர்களுக்கு ரொட்டிக்குள் இருந்தது. தொழுகைக்குக் கிளம்பியவர்களுக்குச் செருப்புக்குள் இருந்தது. சுங்க அலுவலகக் காவலாளிக்கு அவர் வளர்த்த மஞ்சள் குருவியின் கூண்டில், குருவி அதன்மேல் உட்கார்ந்திருக்க, இருந்தது. ஊரின் பதினோரு சாவடிகளில் பத்துச் சாவடிகளின் சீட்டுகள் எரிந்தது எரிந்ததுதான். ஏழாம் சாவடியின், அதாவது மேல்நிலைப் பள்ளிச் சாவடியின், அறுநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள் மட்டுமே திரும்பின. ஏன் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அந்தச் சாவடிக்குத் தலைமை அலுவலராக இருந்த புவியியல் ஆசிரியை வஸீலாவால் பதில் சொல்லியிருக்க முடியும்.

இருபத்தாறு வருஷம் பரீட்சைத் தாள் திருத்தியவள் அவள். தாளைக் கையில் எடுத்தால் பின்பக்கம் பென்சிலால் ஒரு எண் போட்டு, அதே எண்ணைப் பெயர்ப் பட்டியலிலும் எழுதிக்கொள்வாள். தாள் காணாமல் போகாது, திருத்தி முடித்ததும் உரியவர் கைக்குப் போய்ச் சேரும். தேர்தலன்று காலையிலும் அவள் கை அதையே செய்தது. முப்பது வருஷமாக அந்த நாட்டில் தேர்தல் நடந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் ஒரே ஆளுக்கு. பெட்டி சாவடிக்கு வந்து இறங்கும்போதே பாதி நிறைந்திருக்கும். நாட்டுத் தேர்தலுக்குப் பெட்டி காலியாக வந்து, இரண்டு சின்னங்கள் அச்சிட்ட சீட்டு வந்தது அந்த டிசம்பரில்தான் முதல்முறை. பக்கத்து நாற்காலியில் சாவிக் கட்சியின் முகவராக உட்கார்ந்திருந்தவர் அதே பள்ளியில் மார்க்கக் கல்வி நடத்தும் ஷேக் லக்தர்.

“லல்லா வஸீலா, சீட்டுக்குப் பின்னாடி என்ன எழுதுறீங்க?” என்றார் அவர். அந்தக் கரையில் மரியாதைக்குரிய பெண்களை லல்லா என்றும் ஆண்களை ஸீ என்றும்தான் கூப்பிடுவார்கள்.

“நம்பர். போடலேன்னா ஒண்ணு காணாமப் போகும், நாலு கூடிப் போகும்.”

“யாரு யாருக்குப் போட்டாங்கன்னு தெரிஞ்சுடாதா?”

“பட்டியல் என் கையில இருக்கு. நான் பார்ப்பேனா?”

ஷேக் தாடியைத் தடவி யோசித்தார். முப்பது வருஷத் திருட்டு அவர் கண்முன்னால் போயிருக்க வேண்டும். “போடுங்க, போடுங்க. உங்க ஆளுங்க திருடாம இருந்தாச் சரி.”

“உங்க ஆளுங்களுக்கும் சேர்த்துத்தான் போடுறேன்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை வஸீலா பிற்பாடு பலமுறை எண்ணிப் பார்த்தாள்.

சாவிக்காரர்கள் என்பவர்கள் வேதத்தின்படி ஆட்சி வேண்டும் என்றவர்கள். அதற்கு முந்தைய வருஷம், உள்ளூர்த் தேர்தலை மட்டும் ஒத்திகைபோல் திறந்துவிட்டபோது, அவர்கள் நகராட்சியை ஜெயித்திருந்தார்கள். ஜெயித்ததும் பத்து வருஷமாகத் தெருவில் ஓடிய சாக்கடையை மூடினார்கள், மருத்துவமனைக்குத் தண்ணீர்க் குழாய் போட்டார்கள், மாவுக் கிடங்குத் திருடனைப் பிடித்தார்கள். பிறகு ஆசிரியைகளின் ஓய்வறையைப் பெஞ்சுகள் அடுக்கும் இருட்டறைக்கு மாற்றினார்கள், பெண்பிள்ளைகளின் நீச்சல் வகுப்பை நிறுத்தினார்கள், கடற்கரையில் ஆணும் பெண்ணும் ஒன்றாகக் குளிக்கக் கூடாதென்று மணலிலிருந்து இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் ஒரு நீளத் துணிச் சுவர் கட்டினார்கள். அந்தக் கடற்கரையில் நாற்பது குடைகளும் உடை மாற்றப் பன்னிரண்டு மரத் தடுப்பறைகளும் வைத்து வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர் வஸீலாவின் கணவர் மக்லூஃப். துணிக்கு அந்தப்பக்கம் பதினெட்டுக் குடை, இந்தப்பக்கம் இருபத்திரண்டு குடை என்று அவர் தொழில் இரண்டாகப் பிரிந்தது. குடும்பமாக வருகிறவர்கள் எந்தப்பக்கம் உட்காருவதென்று தெரியாமல் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

நாட்டுத் தேர்தலின் முதல் சுற்றில் சாவிக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டாம் சுற்றுக்கு மூன்று வாரம் இருந்தது. அவர்களுடைய சாவி உள்ளே போய்விட்டால் கதவை உள்பக்கமாகப் பூட்டிக்கொள்வார்கள், இதுவே கடைசித் தேர்தலாக இருக்கும் என்று தலைநகரத்துப் பேராசிரியர்களும் வக்கீல்களும் எழுதினார்கள். இருட்டறையில் உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே உட்கார்ந்து அதைப் படித்த வஸீலாவுக்கு அதில் ஒரு வரிகூடப் பொய்யாகத் தெரியவில்லை. குடியரசைக் காப்பாற்றுமாறு ராணுவத்தைக் கேட்டுக்கொண்ட விண்ணப்பத்தில் அவளும் கையெழுத்திட்டாள். எதிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது; எப்படி என்று எழுதியிருக்கவில்லை. பத்திரிகையில் அவள் பெயர் முப்பத்தேழாவதாக வந்தது. மக்லூஃப் அந்தப் பத்திரிகையைக் காலை உணவின்போது முழுக்கப் படித்துவிட்டு மடித்து வைத்தார். எட்டாம் நாள் ராணுவம் வந்தது, இரண்டாம் சுற்று இல்லை என்றது, முதல் சுற்றும் நடக்கவில்லை என்றது, பெட்டிகளை மைதானத்துக்குக் கொண்டுபோனது.

வஸீலாவின் சீட்டு சர்க்கரை டப்பாவுக்குள் இருந்தது. அதில் சாவிக்கு எதிராக நின்ற கதிர்க் கட்சியின் சின்னத்தில் அவள் போட்ட குறி. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மக்லூஃப் செருப்பில் காலை நுழைத்தவர், முள் குத்தியதுபோல் வெளியே எடுத்தார். குனிந்து, மடிப்பைப் பிரித்தார். சாவிப் படத்துக்கு நேரே கோணலாக ஒரு பெருக்கல் குறி.

“நீங்களா?” என்றாள் வஸீலா.

“செருப்பு என்னுதுதானே.”

“கடலுக்குள்ள துணி கட்டினவங்களுக்கா போட்டீங்க?”

“அவங்களுக்குத்தான்.” மக்லூஃப் நாற்காலியில் உட்கார்ந்தார். “அதைக் கட்டுறதுக்கு முன்னாடி நாலு பேர் இங்க வந்தாங்க. இந்த வாசல்ல நிக்கவெச்சு வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். தாடியைப் பிடிச்சு இழுக்காததுதான் பாக்கி. எல்லாத்தையும் கேட்டுட்டு, டீயையும் குடிச்சிட்டு, நேராப் போய்த் துணியைக் கட்டினாங்க. முப்பது வருஷத்துல என் திட்டை நின்னு கேட்ட அரசாங்கம் அது ஒண்ணுதான், வஸீலா. அடுத்த தடவை இதே மாதிரி ஒரு சீட்டால இவங்களை இறக்கணும்னு முடிவு பண்ணினேன். இறக்கணும்னா முதல்ல ஏறணுமில்லையா?”

“ஏறினா இறங்க மாட்டாங்க. அது குழந்தைக்குக்கூடத் தெரியும்.”

“இறங்குவாங்களா மாட்டாங்களான்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இனிமே யாருக்குமே தெரியப்போறதில்லை. தெரிஞ்சுக்க விடாமப் பண்ணிட்டீங்க, நீங்க முப்பத்தேழு பேரும்.”

“முப்பத்தேழு பேர் இல்லை. இருநூறு பேர்.”

“எனக்கு முப்பத்தேழாவது பேருக்கு மேல கண்ணு போகலை,” என்றார் மக்லூஃப்.

முதல் நாள் ஊர் வாய் திறக்கவில்லை; அவரவர் சீட்டை அவரவர் ஒளித்துக்கொண்டு ஜும்ஆ தொழுகைக்குப் போய்வந்தார்கள், மீன் வாங்கினார்கள், வானிலை பேசினார்கள். இரண்டாம் நாள் கடலில் எறிந்தார்கள், மறுநாள் காலை ஈரமாக வந்தன. அடுப்பில் போட்டார்கள், இன்னும் கொஞ்சம் கருகி வந்தன. ஐஸ் ஃபாக்டரி மேஸ்திரி தன்னுடையதை மென்று விழுங்கினார், மறுநாள் விடிந்தபோது நாக்குக்கு அடியில் மடிப்புக் கலையாமல் இருந்தது, அன்று முழுதும் அவருக்குப் பேச்சு குழறியது. பேருந்தில் ஏறித் தலைநகரம் போய் அங்கே ஒரு ஹோட்டல் தலையணைக்கடியில் விட்டுவந்தவருக்கு, அவர் வீடு வந்து சேர்வதற்குள் சீட்டு வந்து சேர்ந்திருந்தது. கிழட்டு மீனவர் ஒருவர் ஓட்டுப் போட்ட எட்டாம் நாள் இறந்திருந்தார். அவர் சீட்டு கபருஸ்தானில், அவர் தலைமாட்டுக் கல்லின்கீழ் இருந்தது. அவர் மனைவி அதை வீட்டுக்கு எடுத்துவந்து பெட்டியில் பூட்டி வைப்பார், அது விடியுமுன் கல்லடிக்குப் போய்விடும். ஒரு வாரம் பார்த்துவிட்டு அந்த அம்மாள், சரி, அவர் இருக்குமிடம்தானே அதற்கு வீடு என்று விட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் ரகசியம் உடையத் தொடங்கியது. கதிர்க் கட்சியின் உள்ளூர்ச் செயலாளர் வீட்டுத் தலையணையிலிருந்து சாவிச் சீட்டு விழுந்தது. சாவிக்காக ஒலிபெருக்கியில் தொண்டை கிழியக் கத்திய சலூன்காரரின் சவரப் பெட்டியில் கதிர் இருந்தது; “தொண்டை வேற, கை வேற,” என்று அவர் முகச்சவரம் செய்தபடியே சொன்னார், கழுத்தைக் கொடுத்திருந்தவர் மறுபேச்சுப் பேசவில்லை. ஷேக் லக்தரின் வீட்டில் அவர் மனைவி ஸுஹ்ராவின் தையல் கூடையிலிருந்து வந்தது வெறும் தாள். எந்தச் சின்னத்திலும் குறி இல்லை.

“நாற்பது வருஷம் கூட வாழ்ந்திருக்கே. இந்த நாட்டைப் பத்திச் சொல்ல உனக்கு ஒண்ணுமே இல்லையா?” என்று ஷேக் கேட்டாராம்.

“யாரும் என்கிட்ட எதுவும் கேட்டதில்லை. அன்னிக்குத் திடீர்னு தாளை நீட்டினா என்ன சொல்றது?” என்றாராம் ஸுஹ்ரா. அதைப் பெண்கள் ரொட்டிக்கடை வரிசையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஐந்து வாரம் அப்படிப் போயிற்று. எந்த அதிசயமும் ஐந்து வாரத்தில் வீட்டுச் சாமானாகிவிடும். ஆடுகிற மேசைக்கால்களுக்குச் சீட்டைச் சொருகினார்கள், காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் ஒற்றி எடுத்தார்கள், கல்யாணத் தரகர் பெண்வீட்டில் முதல் கேள்வியாக மாப்பிள்ளையின் சீட்டு எது என்று கேட்க ஆரம்பித்தார். அதோடு இன்னொன்றும் நடந்தது. ஊரில் யார் என்ன நினைக்கிறார்கள் என்று முப்பது வருஷத்தில் முதல்முறையாக எல்லோருக்கும் தெரிந்திருந்தது, வானம் இடிந்து விழவில்லை. ரொட்டிக்கடை வாசலில் சாவிகளும் கதிர்களும் மாவு பறக்கச் சண்டை போட்டார்கள், சண்டை முடிந்ததும் ரொட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். மறைக்க ஒன்றுமில்லாதவர்களின் சண்டை சத்தமாக இருக்கும், நீளாது. நான்காவது வாரத்தில் ஷேக் லக்தர் கடற்கரைக்கு நடந்துவந்து, மக்லூஃபிடம், “ஸீ மக்லூஃப், இந்தத் துணி எனக்கும் பிடிக்கலை. காத்துல ராத்திரி பூரா படபடன்னு அடிக்குது. கமிட்டியில பேசுறேன்,” என்றார். ராணுவம் கலைத்த கமிட்டி அது. ஆனாலும் பேசுவதாகச் சொன்னார். அதைக் கேட்டுவந்து மக்லூஃப் சொன்னபோது வஸீலா தேநீர்ப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தாள்.

ஆறாம் வாரம் கேப்டன் நஸீம் பள்ளிக்கு வந்தார். முப்பது வயதிருக்கும், நல்ல படிப்பு, பூட்ஸைத் துடைத்துவிட்டுத்தான் வகுப்பறைக்குள் நுழைந்தார். எரித்த சீட்டுகள் திரும்பி வருவது பற்றி அவருக்கும் வியப்பில்லை. அது தொடர்பான சுற்றறிக்கையின் எண்ணையும் தேதியையும் சொன்னார்.

“மதாம், உங்க பேரைப் பத்திரிகையில பார்த்தோம். முப்பத்தேழு. மேல ரொம்பச் சந்தோஷப்பட்டாங்க.”

வஸீலா நன்றி என்றாள்.

“ஒரு சின்ன உதவி. சீட்டு வீட்டுக்கு வருது, ஆளு பேரைச் சொல்ல மாட்டேங்குது. விடியக்காலையில போய்ப் பார்த்தா வீட்டுல ஆறு பேர் இருக்காங்க, ஆறு பேரும் அது அடுத்தவனுதுங்கிறாங்க. பின்னாடி பென்சில்ல ஒரு நம்பர் இருக்கு. அந்த நம்பருக்கு ஒரு பட்டியல் இருக்கும்னு எங்க கிளார்க் சொல்றான். அவனும் வாத்தியார் பையன்தான்.”

“பட்டியல் எதுக்கு?”

“ரொம்ப மென்மையான ஏற்பாடு, மதாம். சாவிக்குப் போட்டவங்க வந்து, தப்பாப் போட்டுட்டேன், வருந்துறேன்னு ஒரு கையெழுத்து. கதிருக்குப் போட்டவர் ஒருத்தர் கூட வந்து ஜாமீன் கையெழுத்து. அவ்வளவுதான். நீங்க பள்ளிக்கூட ஜிம்னாஸியத்தைத் திறந்துவிட்டாப் போதும்.”

“யாரையும் கொண்டுபோக மாட்டீங்களே?”

“கையெழுத்துப் போட்டவங்களை எதுக்கு மதாம் கொண்டுபோகணும்?”

கேட்டதற்குப் பதில் அது இல்லை. தன் மாணவர்கள் இப்படிப் பதில் எழுதினால் வஸீலா பாதி மதிப்பெண்தான் போடுவாள். அன்று அதை முழுப் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

அன்று அஸர் என்னும் பிற்பகல் தொழுகை முடிந்ததும் ஷேக் லக்தர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சிறிய தெர்மாஸ் பிளாஸ்க். சர்க்கரை நோய்க்கான ஊசிமருந்தை ஐஸோடு அதில்தான் வைத்திருப்பார். ஸுஹ்ரா போட்டுவிடுகிற ஊசி அது, தினமும் மூன்று வேளை.

“பட்டியலை எரிச்சிடுங்க, லல்லா.”

“இந்த ஊர்ல எரிச்சது எரிஞ்சதா இருக்கா, ஷேக்?”

“முயற்சியாவது பண்ணுங்க.”

“குடுக்கலேன்னா ஒரு சீட்டுக்கு வீட்டுல இருக்கிற ஆம்பளைங்க எல்லாரையும் இழுத்துட்டுப் போவாங்க. குடுத்தா ஒரு கையெழுத்தோட போயிடும். நான் நல்லா யோசிச்சேன்.”

“யோசிச்சிருப்பீங்க. நீங்க படிச்சவங்க.” ஷேக் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டார். “எங்க ஆளுங்க வந்தாங்க, துணி கட்டினாங்க. உங்க ஆளுங்க வந்திருக்காங்க, பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி டிரக்கு நிக்குது. துணியை ஒருநாள் கிழிச்சிருக்கலாம், லல்லா.”

“கிழிக்க விட்டிருப்பீங்களா?”

ஷேக் பிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திறந்து மறுபடி மூடினார். இருபது வருஷமாகப் பள்ளி வராந்தாவில் அவளோடு எதிர்வாதம் செய்து, ஒருமுறைகூடப் பதிலில்லாமல் நின்றவரில்லை. “தெரியலை,” என்றார் கடைசியில். “சிலபேர் விட்டிருப்போம்.”

மறுநாள் காலை வஸீலா பட்டியலைக் கொடுத்தாள். நானூற்று முப்பத்தொரு சாவி, நூற்று முப்பத்து மூன்று கதிர், நாற்பத்தெட்டு வெறும் தாளும் கெட்டுப்போன தாளும். வெறும் தாள்காரர்கள் வருந்தவும் வேண்டாம், ஜாமீன் நிற்கவும் முடியாது என்றார் கேப்டன். ஆறு நாளைக்கு, ஆறாம் நாள் மத்தி மீன் ஃபாக்டரியின் மதியச் சங்கு ஊதும்வரை, ஜிம்னாஸியத்தில் மேசை போட்டிருக்கும்.

முதல் இரண்டு நாள் எல்லாம் வஸீலா நினைத்தபடியே நடந்தது. பக்கத்து வீட்டார் பக்கத்து வீட்டாரைக் கூட்டிவந்தார்கள், சலூன்காரர் தன் வாடிக்கையாளர்களை வரிசையாக அழைத்துவந்தார், கேப்டன் எல்லோருக்கும் நாற்காலி கொடுத்தார். மூன்றாம் நாள் காலை தந்தி வந்தது: ஒருவர் ஒருவருக்குத்தான் ஜாமீன் நிற்கலாம், ஏற்கெனவே பலருக்கு நின்றவர்களின் முதல் கையெழுத்து மட்டுமே செல்லும். அப்போதுதான் ஊர் கழித்தல் கணக்குப் போட்டது: இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுச் சாவிக்காரர்களுக்கு ஜாமீன் நிற்க ஆளே இல்லை. அதற்குப் பிறகு கதிர்க்காரர்கள் வீதியில் நடக்க முடியவில்லை. கதிருக்குப் போட்டிருந்த ரொட்டிக்கடைக்கார அம்மாள் ஹுரிய்யாவின் வாசலில் ரொட்டி வாங்காத வரிசை ஒன்று நின்றது. தம்பிக்கா மைத்துனனுக்கா என்று குடும்பங்கள் பிளந்தன. ஐந்து வாரம் கத்திக் கத்திச் சண்டை போட்ட ஊர் கிசுகிசுப்பாகப் பேசப் பழகியது. நான்காம் நாள் இருபது கதிர்க்காரர்கள் மலைப்பக்கச் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவர்களில் கதிர்க் கட்சிக்காகத் தெருத்தெருவாகப் பாடியவரும் இருந்தார்.

வஸீலாவிடம் ஒரு ஜாமீன் இருந்தது. ஒன்றே ஒன்று.

“நான் வரலை,” என்றார் மக்லூஃப். பிப்ரவரி மாதத்தில், ஒரு ஆளும் கடலில் இறங்காத குளிரில், அவர் குடைகளின் கம்பிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். “என்னத்துக்கு வருந்தணும்? தாளை நாலா மடிச்சதுக்கா?”

“பொய்யா வருந்துங்க. யாரு பார்க்கப் போறா?”

“அந்தத் தாள்ல ஒரு பெருக்கல் குறி போட்டேன். என் ஆயுசுல அரசாங்கத்துக்கிட்ட நான் சொன்ன ஒரே நிஜம் அதுதான். அதையும் பொய்யுங்கிறியா?” கம்பியை விரித்து மூடிப் பார்த்தார். “லக்தருக்குக் குடு. அவருக்கு ஊசி போடணும்.”

“நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நேரமிருக்கு. உங்க மனசு மாறும்.”

“மாறாதுன்னு உனக்குத் தெரியும்.”

“தெரியாது,” என்றாள் வஸீலா. அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஷேக் லக்தர் மூன்று நாளாக ஜிம்னாஸிய வாசலில் பிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தார். கையெழுத்துப் போட அவருக்குத் தயக்கமில்லை. “கையெழுத்து இல்லாதவங்களைத் தெற்கே கொண்டுபோவாங்களாம். என் வயசுக்குப் பாலைவனம் தாங்காது, லல்லா. மனசுல இருக்கிறது அல்லாஹ்வுக்குத் தெரியும். தாள்ல இருக்கிறது கேப்டனுக்குத் தெரியட்டும்,” என்று அவர் சொன்னதில் வெட்கமும் இல்லை, வேஷமும் இல்லை. கூட வர ஆளில்லை, அவ்வளவுதான். கட்சிப் பெரியவர் என்று எல்லோருக்கும் தெரிந்தவருக்கு ஜாமீன் நிற்கக் கதிர்க்காரர்கள் பயந்தார்கள். பயப்படாதவர்களுக்குச் சொந்தப் பிள்ளைகள் இருந்தார்கள். வஸீலாவிடம் அவர் கேட்கவில்லை. “மக்லூஃப் வர்றாரா?” என்று மட்டும் ஆறாம் நாள் காலையில் விசாரித்தார்.

“வருவார்.”

“வந்துட்டா நல்லது. வரலேன்னா, நான் இங்கதான் நிக்கிறேன்.”

பத்து மணிவரை வஸீலா வாசல் பெஞ்சில் உட்கார்ந்து கடற்கரைச் சாலையையே பார்த்திருந்தாள். ஷேக் பத்தடி தூரத்தில், அவளுக்குச் சங்கடம் தரக் கூடாதென்று அந்தப்பக்கம் திரும்பி நின்றார். பதினோரு மணிக்கு அவள் எழுந்தாள். அப்போது இடதுபுறம் திரும்பியிருந்தால் பத்தடி. அவள் வலதுபுறம் திரும்பிக் கடற்கரைக்கு ஓடினாள். மக்லூஃப் முப்பத்தொன்பதாவது குடைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அவள் கெஞ்சினாள், திட்டினாள், மணலில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவளைத் தூக்கி நிறுத்தி, சேலைபோல் அவள் தோளில் சுற்றியிருந்த கம்பளிச் சால்வையிலிருந்து மணலைத் தட்டிவிட்டு, “ஓடு, நேரமிருக்கு. போய் அவரைக் கூட்டிட்டுப் போ,” என்றார்.

ஐம்பத்து மூன்று வயதில் ஒருத்தி எவ்வளவு வேகமாக ஓட முடியுமோ அவ்வளவு வேகமாக ஓடினாள். ஜிம்னாஸியக் கதவில் கை வைத்தபோது சங்கு ஊதியது. கேப்டன் பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

“ஷேக் லக்தருக்கு நான் ஜாமீன்.”

“மன்னிக்கணும், மதாம். நேரம் முடிஞ்சது.”

“சங்கு இன்னும் ஊதிக்கிட்டிருக்கு!”

கேப்டன் மரியாதையாக, சங்கு ஓயும்வரை காத்திருந்தார். “இப்ப முடிஞ்சது,” என்றார்.

“பரவாயில்லை, லல்லா,” என்றார் ஷேக் லக்தர். டிரக்கில் ஏறக் கை கொடுத்த சிப்பாய் அவர் பிளாஸ்க்கை வாங்கி, திறந்து முகர்ந்து பார்த்து, பாதுகாப்புக்காக என்று கீழேயே வைத்துவிட்டான்.

அன்று சாயங்காலத்துக்குள் முன்னூற்றுப் பத்தொன்பது பேரைத் தெற்கே கொண்டுபோனார்கள். மக்லூஃபைக் கடற்கரையிலேயே ஏற்றிக்கொண்டார்கள். துணிச் சுவரை ராணுவம் அவிழ்க்கவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது, சிப்பாய்கள் அதில் சட்டைகளை உலர்த்தினார்கள். மறுநாள் விடிந்ததும் பெண்கள் ரொட்டிகளைப் பிட்டுப் பார்த்தார்கள், செருப்புகளை உதறினார்கள், கூண்டுகளில் கைவிட்டுத் துழாவினார்கள். போனவர்களின் சீட்டு ஒன்றுகூட வீட்டில் இல்லை. ஒவ்வொரு நாள் காலையும் தேடுவது அதன்பிறகு அந்த ஊரில் முகம் கழுவுவதைப்போல ஒரு வழக்கமாகி, போனவர்களில் பாதிப்பேர் நான்கு வருஷம் கழித்துத் திரும்பிய பிறகும் விடாமல் நீடித்தது.

ஆனால் அது பிற்பாடு. அந்த முதல் நாள் காலையில் மக்லூஃபின் செருப்பை ஏழுமுறை உதறிப் பார்த்த வஸீலா, ஜிம்னாஸிய வாசலில் கிடந்த பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு ஷேக் லக்தரின் வீட்டுக்குப் போனாள். ஸுஹ்ரா கதவைத் திறந்தார், பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டார், உட்காரச் சொன்னார், ஆரஞ்சுப்பூ நீர் விட்டுக் காபி கொண்டுவந்து வைத்தார். பிளாஸ்க்கைத் திறந்து மருந்துக் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக் குளிர்ப்பெட்டியில் அடுக்கினார். ஐஸ் முழுக்கக் கரைந்திருந்தது.

“உங்ககிட்ட ஒரு ஜாமீன் இருந்துச்சாமே, லல்லா.”

“இருந்தது.”

“யாருக்கு வெச்சிருந்தீங்க?”

“மக்லூஃபுக்கு.”

“அவர் கேட்டாரா?”

“இல்லை. ஷேக்குக்குக் குடுன்னு சொன்னார். முந்தின நாளே சொன்னார்.”

ஸுஹ்ரா குளிர்ப்பெட்டியின் கதவைச் சாத்தினார். அழவில்லை. அடுப்பின் மேலிருந்த துணியை எடுத்து மடித்தார், மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தார்.

“கேப்டனுக்கு ஒரு மனு எழுதுறேன்,” என்றாள் வஸீலா. “மருந்தையாவது அனுப்பச் சொல்றேன். என் பேர் அவங்களுக்குத் தெரியும். நான் எழுதினா...”

“வேண்டாம், லல்லா,” என்றார் ஸுஹ்ரா. குரலில் கோபமில்லை, விருந்தாளியிடம் பேசுகிற அதே குரல். “நீங்க இனிமே யாருக்காகவும் எதுவும் எழுதிக் குடுக்காதீங்க. காபியைக் குடிங்க, ஆறிடும்.”

வஸீலா குடித்தாள்.